சூடானதும் சிக்னலில் அணையும் எஞ்சின்

காலையில் நன்றாக ஓடுகிற பெட்ரோல் வண்டி, 20 நிமிடம் கழித்து சிக்னலில் நின்றதும் அணைந்துவிடுகிறது, பிளக்கும் மாற்றியாச்சு என்கிறீர்கள். சரி, இனி எதையும் மாற்றாதீர்கள் நண்பரே. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஐடில் ஆர்பிஎம், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை, 1,200 பக்கம் இருக்கும், கோளாறு தெரியாது. சூடாகி 800க்கு இறங்கும்போதுதான் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படிந்த கரி வேலையைக் காட்டும். த்ராட்டில் பாடியையும், ஐடிலில் காற்றை அளந்துவிடும் ஐடில் வால்வையும் கிளீனர் அடித்துத் துடையுங்கள். என் பழைய வண்டிக்கு பெட்ரோல் பம்ப் வரை மாற்ற வைத்தார்கள், கடைசியில் இந்தக் கரிதான். அப்புறமும் அணைந்தால் எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கடத்தும் வேக்குவம் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், சில சமயம் 'உஸ்' சத்தமே காட்டிக்கொடுக்கும். ஓடும்போதே அணைந்து, ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் கதை வேறு, எஞ்சின் சுழற்சியை அறியும் கிராங்க் சென்சார்மேல்தான் என் சந்தேகம்.