ஏழாம் வசனத்தோடு நிறுத்தியவர்

அன்புள்ள சேர்,

நான் பொகவந்தலாவப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது இருபத்தேழு. பெயரைப் போட வேண்டாம். அப்பா இறந்த வருஷம் அம்மா சபைக்குப் போகத் தொடங்கினார், அதிலிருந்து நாங்கள் கிறிஸ்தவர்கள். பதினான்கு வருஷமாகிறது. இயேசுவை விட எனக்கு மனமில்லை. ஆனால் கொஞ்ச நாளாக, நான் நம்புவதில் எது நானாக நம்புவது, எது சொல்லிச் சொல்லிப் பழகிப்போனது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றுகிறது. பாஸ்டரிடம் சொன்னேன். "கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்று எழுதியிருக்கிறதே, வாசித்ததில்லையா?" என்று கேட்டார். சந்தேகம் பிசாசுக்குத் திறந்துவைத்த ஜன்னலாம். அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது. எண்ணெய் பூசி ஜெபித்த பிறகு மூன்று மாதமாக மாத்திரை எடுப்பதில்லை. கேட்டால் விசுவாசம் என்கிறார். கூடப் படிப்பிக்கும் ஒருவர், "துரை கொண்டுவந்த மதத்துக்கு இவ்வளவு யோசனையா?" என்று சிரிக்கிறார். பூமிக்கு ஆறாயிரம் வயது என்று சபையில் சொல்கிறார்கள், நான் படிப்பிப்பதோ விஞ்ஞானம். தன் நம்பிக்கையைத் தானே சோதித்துப் பார்க்கிறவள் கடவுளை நம்புகிறவளாக இருக்க முடியுமா சேர்? வாசிக்கப் புத்தகங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

— ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றிரவே இரண்டு வரி அனுப்பியிருந்தேன், நாளைக்கே அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள் என்று. பன்னிரண்டு நாளாகிறது. பதில் இல்லை. ஆகையால் முதலில் திட்டிவிடுகிறேன், பிறகு மற்றதைப் பேசலாம்.

நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். பிரஷர் ஏறிக்கொண்டே போனால் மூளையில் இரத்தக்குழாய் வெடிக்கும், ஒரு பக்கம் இழுத்துவிடும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மூன்று மாதம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். சொந்த விசுவாசத்தை அப்பியாசக் கொப்பி மாதிரி விரித்துவைத்துத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில், அம்மாவின் கையில் அந்தப் பட்டியைக் கட்டி ஒரு தடவை அளந்து பார்க்கத் தோன்றவில்லையா? என்னிடம் புத்தகம் கேட்கிறீர்கள். உங்களுக்கு இப்போது தேவை கிளினிக் துண்டு.

பாஸ்டர் காட்டிய வசனத்தையும் எடுத்து, கொஞ்சம் மேலே இருந்து வாசியுங்கள். மத்தேயு நான்காம் அதிகாரம். இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் கொண்டுபோய் நிறுத்தி, குதி, தூதர்கள் உன்னைக் கைகளில் ஏந்துவார்கள் என்கிறான் பிசாசு. அதற்கும் வேதவசனத்தையே ஆதாரமாகக் காட்டுகிறான், கவனியுங்கள். அவனுக்குச் சொன்ன பதில்தான் "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக". யோசிக்காதே என்று அதற்கு அர்த்தமில்லை. படி இருக்கும்போது கூரையிலிருந்து குதிக்காதே என்பதுதான். மாத்திரையைத் தூக்கி வைத்துவிட்டுக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று இருப்பது எந்த வகை என்று நீங்களே சொல்லுங்கள். அந்த வசனம் அந்த வீட்டில் யாருக்குப் பொருந்துகிறதோ அவர்களுக்குச் சொல்லாமல், கேள்வி கேட்ட பிள்ளையின் தலையில் போட்டிருக்கிறார் உங்கள் பாஸ்டர். அதே பரீட்சை என்ற சொல்லைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது எப்படிப் போடுகிறார்? "உங்களை நீங்களே பரீட்சித்துப்பாருங்கள்." இரண்டாம் கொரிந்தியர் பதின்மூன்று, ஐந்து. போய்க் காட்டுங்கள். மரியாதையாகக் காட்டுங்கள், அவரும் யாரோ பெற்ற பிள்ளைதான்.

உங்கள் நண்பர் சிரிப்பதில் பாதி உண்மை. ஆங்கிலிக்கன் மிஷனரிமார் 1854 இல் கண்டிப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களை நம்பித் தமிழ்க் கூலி மிஷனைத் தொடங்கியபோது துரைமாரின் ஆதரவும் கூட இருந்தது. பெயரிலேயே கூலி என்று போட்டார்கள், வெட்கப்படவில்லை. இதையெல்லாம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆனால் தேயிலையும் துரை கொண்டுவந்ததுதான். இடைவேளையில் அவர் என்ன குடிக்கிறார் என்று கேளுங்கள்.

ஆறாயிரம் வருஷம் என்பது அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650 இல் வெளியிட்ட கணக்கின் பேரப்பிள்ளை. படைப்பு கிறிஸ்துவுக்கு முன் 4004 இல் என்று கூட்டிப்போட்டவர் அவர். உங்கள் பாடசாலைக்குப் பின்னால் இருக்கும் பாறைக்கே ஐம்பது கோடி வருஷத்துக்குக் குறையாது. இதில் என் நேரத்தைச் செலவழிக்க மாட்டேன், நீங்களும் வேண்டாம்.

சரி. உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் வேறு ஒரு தொல்லையில் இருந்தேன். ஒரு கேள்விக்குறி.

நூற்றிருபத்தோராம் சங்கீதம் உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." மலையகத்தில் புரொட்டஸ்டன்ட் வீட்டில் பிறந்தவனுக்கு இது தாலாட்டு மாதிரி. பர்வதம் நமக்குப் பின்கதவைத் திறந்தால் இருக்கிறது. ஒத்தாசை என்பதும் வேதாகமச் சொல் என்று எங்களுக்குத் தெரியாது, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், விறகுக்கட்டைத் தூக்கிவிடக் கூப்பிடும் சொல் அது. அதனால் சின்ன வயதில் நான் உறுதியாக நம்பினேன், ஒத்தாசை மலையிலிருந்துதான் வரும் என்று. ரோட்டு மேலேதான் இருந்தது, அரிசி லொறி மேலிருந்துதான் வரும், டிஸ்பென்சரி மேலே, துரை பங்களா அதற்கும் மேலே. எல்லாம் பொருந்தியது.

பிறகு, நாற்பது வயதுக்கு மேலே, தலவாக்கலையில் ஒரு கத்தோலிக்க நண்பரின் அடக்கத்துக்குப் போனேன். அங்கே 1995 இன் பொது மொழிபெயர்ப்பிலிருந்து வாசித்தார்கள். "மலைகளை நோக்கி என் கண்களை உயர்த்துகின்றேன்! எங்கிருந்து எனக்கு உதவி வரும்?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடக்கம் முடியும்வரை வேறொன்றும் காதில் ஏறவில்லை. கேள்வியா அது? வந்து விசாரித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன். எபிரெயுவில் அந்த இடத்தில் இருப்பது எங்கிருந்து என்று கேட்கும் சொல்தான். பழைய ஏடுகளில் கேள்விக்குறி என்ற அடையாளமே கிடையாது, அதனால் நம் பழைய தமிழ் வேதாகமமும் பழைய ஆங்கில வேதாகமமும் அதை ஒரே மூச்சில் வாக்கியமாக்கிவிட்டன. இது ஆரோகண சங்கீதம். 120 தொடங்கி 134 வரை பதினைந்து பாட்டுக்கு அந்தத் தலைப்பு இருக்கிறது. எருசலேமுக்கு ஏறிப்போகிறவர்கள் பாடியது என்பார்கள். ஏறுகிற ஆள் மலையைப் பார்க்கிறான், எங்கே இருந்து உதவி வரப்போகிறது என்று கேட்கிறான். பதில் இரண்டாம் வசனத்தில் வருகிறது, "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து". மலையிலிருந்து அல்ல. மலையை உண்டாக்கினவரிடமிருந்து. முதல் வரியிலிருந்து கேள்வியை எடுத்துவிட்டால் இரண்டாம் வரி எதற்குப் பதில் சொல்கிறது? அந்தரத்தில் நிற்கிறது பாருங்கள்.

இதைச் சொன்னால் நம் ஆட்களில் சிலருக்குக் கோபம் வருகிறது. வேதத்தில் கைவைக்கிறானாம். ஐயா, நான் கைவைக்கவில்லை, எடுத்துவைத்த ஒன்று எங்கே என்று கேட்கிறேன்.

மலையிலிருந்து ஒத்தாசை வரும் என்று படித்த எங்களுக்கு மலையிலிருந்து என்ன வந்தது? 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை வந்தது. லயன்களின் மேலேயே வந்தது. அங்கே மண் சரியும் என்று பல வருஷத்துக்கு முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு ஒரு பிரசங்கியார், பெயர் வேண்டாம், பாவத்தின் சம்பளம் என்று பேசினார். எழுந்து வெளியே வந்து மழையில் நின்றேன். லூக்கா பதின்மூன்றாம் அதிகாரம் அந்த ஆளின் வேதாகமத்தில் இல்லையா? சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, அப்படியல்ல என்று இயேசுவே சொல்கிறாரே.

அந்தச் சங்கீதத்தின் கடைசி வசனத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன் போலிருக்கிறது.

1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும், எங்கள் ஆட்களில் யார் எந்த நாட்டுக்கு என்று பிரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. பிறகு பேசினார்கள், 1974 இல், பாதிப்பாதி. எங்கள் தாத்தாவுக்கு இங்கே விழுந்தது. அவருடைய அக்காவுக்கு, நாங்கள் பெரிய அம்மாயி என்போம், இந்தியா விழுந்தது. 1972 இல் பயணம் சொல்லிவிட ஹட்டன் ஸ்டேசனுக்குப் போனோம். எனக்கு ஒன்பது வயது. பிளாட்போம் நிறைய ட்ரங்குப் பெட்டி, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் பெயரும் நம்பரும். பெரிய அம்மாயியின் பெட்டியில் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கீழே இறக்கி எழுதியிருந்தது. கோச்சி தலைமன்னாருக்கு, அங்கே கப்பல்.

தாத்தா கொங்காணித் துணியில் சுற்றியிருந்த வேதாகமத்தை எடுத்து, அந்தச் சத்தத்தில் அந்தச் சங்கீதத்தை வாசித்தார். "உன் காலைத் தள்ளாடவொட்டார்" என்ற இடத்தில் யாரோ மூட்டையால் இடித்தார்கள், திரும்ப வாசித்தார். எட்டாம் வசனம்: "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்." பெரிய அம்மாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னது எனக்கு இன்றைக்கும் கேட்கிறது:

"போக்குத்தான் தம்பி. வரத்து ஏது?"

தாத்தா புத்தகத்தை மூடிவிட்டார்.

அன்றிரவு காம்பராவில் ஜெபம். குப்பிலாம்பு. எப்போதும்போல அதே சங்கீதம்தான். ஏழாம் வசனம் வரை வாசித்தார், நிறுத்தினார். சின்னத் தம்பிக்கு எட்டும் மனப்பாடம், "கர்த்தர் உன் போக்கையும்" என்று தொடங்கினான். தாத்தா அவனைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். அடுத்த இரவும் ஏழுதான். அடுத்த மாதமும். பஞ்சம் வந்து மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு ஜெபம் பண்ணின 1974 இலும் ஏழுதான். ஒரு நாள்கூட ஜெபத்தை விட்டதில்லை, ஒரு நாள்கூட எட்டை வாசித்ததும் இல்லை. மாதம் ஒருமுறை வரும் சபைக் குருவானவர், நாங்கள் ஐயர் என்போம், இதைக் கவனித்துவிட்டார். ஏன் என்று கேட்டார். தாத்தா எழுந்து நின்று, "பொய் சொல்ல வாய் வரல்லீங்க ஐயா" என்றார்.

ஐயர் ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டார், இஸ்தோப்பில் நின்று தாத்தாவின் தோளில் கொஞ்ச நேரம் கைவைத்திருந்தார், குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். மகள், உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு அந்த ஐயரின் ஞாபகம்தான் வந்தது. பிசாசு, ஜன்னல் என்று ஒரு சொல் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஏழெட்டு வருஷம் கழித்துக் கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நீலக் கடிதம் வந்தது. தாயகம் திரும்பினவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசாங்கம் போட்ட தேயிலைத் தோட்டம் ஒன்றில் பெரிய அம்மாயி இருந்தார். அங்கேயும் கொழுந்துதான் பறித்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் எழுதியிருந்தார், மார்கழியில் காலமானார் என்று. தாத்தா கடிதத்தை இரண்டாக மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார். அன்றிரவு ஏழாம் வசனத்தில் நிறுத்தவில்லை. எட்டையும் வாசித்தார், அதே குரலில், "என்றைக்குங் காப்பார்" வரை. வாசித்து முடித்துக் காற்று வருகிறது கதவைச் சாத்து என்றார்.

அன்றைக்கு ஏன் வாசித்தார்? அப்பா ஒரு விளக்கம் சொல்லுவார், வரத்து என்றால் கர்த்தரிடம் வருவது, அது அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது என்று. அம்மாவோ, மனுஷனுக்கு அலுத்துப்போச்சு, அவ்வளவுதான் என்பார். நான் இருபது வருஷம் அப்பா பக்கம் இருந்தேன். இப்போது சில இரவுகளில் அம்மா பக்கம்.

உங்கள் கேள்வி என்னவோ கேட்டிருந்தீர்கள், திரும்பப் போய்ப் பார்த்தேன். முடியுமா என்று. தாத்தாவைச் சொல்லிவிட்டேன், இதற்குமேல் எனக்குத் தெரியாது. புத்தகப் பட்டியல் பிறகு பார்க்கலாம்.

அம்மாவைக் கூட்டிப்போய்விட்டு எழுதுங்கள். துண்டில் மேலே என்ன எண், கீழே என்ன எண் என்று இரண்டையும் எழுதுங்கள்.