பெடாட்–பிஎஸ்எஸ் படலம் கண்ணாடியில் சீராகப் படியாமல் திட்டுத்திட்டாக விலகுவது ஏன்?

பெரும்பாலும் குறை கரைசலில் இல்லை, கண்ணாடியின் பரப்பில்தான் இருக்கிறது. பெடாட்–பிஎஸ்எஸ் என்பது நீரில் பரவிய நிலையில் கிடைக்கும் மின்கடத்தும் பாலிமர். இண்டியம் டின் ஆக்சைடு (ஒளி ஊடுருவும் மின்கடத்தும் பூச்சு) பூசிய கண்ணாடியில் விரலின் எண்ணெய்ப்பசை சிறிதளவு இருந்தாலும் நீர் அங்கே படியாமல் துளிகளாகத் திரண்டு ஒதுங்கிவிடும். ஆகவே சோப்புநீர், தூயநீர், அசிட்டோன், ஐசோபுரொப்பனால் என்ற வரிசையில் மீயொலித் தொட்டியில் கழுவி, உலர்த்தி, புற ஊதா–ஓசோன் கருவியில் 15 நிமிடம் வைத்தெடுத்து, தாமதிக்காமல் பூசிவிட வேண்டும். உடன் கழுவிய உபரித் துண்டொன்றில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். அது தட்டையாகப் பரவினால் பரப்பு தயாராகிவிட்டது.

கரைசலை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நிமிடத்துக்கு 4000 சுற்று வேகத்தில் சுழற்றிப் பூசினால், கரிமச் சூரிய மின்கலங்களுக்கான வழக்கமான கரைசல் வகையில் ஏறத்தாழ 40 நானோமீட்டர் தடிமன் கிடைக்கும். அதன்பின் 120 முதல் 150 டிகிரி செல்சியஸில் 10 நிமிடமாவது சூடாக்குவதை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். ஏனெனில் இந்தப் பாலிமர் கலவையின் ஒரு பகுதியான பிஎஸ்எஸ் ஈரத்தை உறிஞ்சும் அமிலப் பொருள், எஞ்சிய ஈரத்தோடு சேர்ந்து அடியிலுள்ள ஆக்சைடையே அரித்துவிடும்.

படலத்தையே மின்முனையாக்கும் எண்ணம் இருந்தால், உயர் கடத்துதிறன் வகையை வாங்கி அதில் 5 விழுக்காடு டைமெத்தில் சல்பாக்சைடு கலக்கலாம்; சென்டிமீட்டருக்கு 1 சீமன்ஸ் அளவில் இருந்த கடத்துதிறன் பல நூறாக உயரும்.