டப்பாப் பாலும் பழந்துணியும்

கேள்வி: வங்கதேசத்திலுள்ள ரோஹிங்கியா அகதி முகாம்களில் குழந்தைகள் படும் பாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்து மனம் தாங்காமல், எங்கள் மகளிர் குழுவினர் குழந்தைப் பால்பவுடர் டப்பாக்கள், உடுத்திய துணிகள், பொம்மைகள் என்று 14 பெட்டிகள் சேர்த்துவிட்டோம். எந்த முகவரிக்கு அனுப்பலாம்? ‘நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே வழியில்லாதபோது அங்கே எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?
— வாசகி ஒருவர், திருப்பூர்

பதில்: அனுப்ப வேண்டாம். உங்கள் குழுவினரின் மனம் நோகும் என்று தெரிந்தேதான் முதல் வரியிலேயே இதை எழுதுகிறேன். அந்த 14 பெட்டிகளில் துணியும் பொம்மையும் பயன்படாமல் போகலாம், அவ்வளவுதான். பால்பவுடரோ குழந்தையின் உயிருக்கே தீங்காக முடியும்.

2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு, மியான்மர் ராணுவத்தின் வெறியாட்டத்துக்குத் தப்பி, சில மாதங்களுக்குள் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் எல்லை கடந்து காக்ஸ் பஜார் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களில் பாதிக்கும் மேல் குழந்தைகள். குத்துப்பாலங் குன்றுகளில் மரங்களை வெட்டி, மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு கட்டிய குடிசைகளில், ஆழ்துளைக் குழாய்க்குப் பக்கத்திலேயே கழிப்பறை என்ற நெருக்கத்தில் அவர்கள் குடியமர்ந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் குடிசைகளில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைச் சோதித்தபோது, பெரும்பாலான மாதிரிகளில் மலக்கிருமி இருந்தது. இந்தத் தண்ணீரில் பால்பவுடரைக் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்கலாமே என்றால், அதற்கான எரிபொருளும் அளந்துதான் கிடைக்கிறது. பாட்டிலை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவியெடுக்க அந்தக் குடிசையில் இரண்டாவது பாத்திரமே இருக்காது. இவற்றையெல்லாம் விடப் பெரிய கேடு ஒன்று உண்டு. டப்பாப் பால் பழகிய குழந்தை தாயின் மார்பைத் தேடுவது குறையும், குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் ஊறும் தாய்ப்பாலும் வற்றும். உங்கள் டப்பா மூன்று வாரத்தில் தீர்ந்துபோகும்போது அந்தக் குழந்தைக்கு இரண்டு பாலும் இல்லாமல் போகும்.

இது என் ஊகமன்று. 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, பால்பவுடர் நன்கொடையாக வந்து குவிந்தது. பிறகு வீடுவீடாகச் சென்று ஆய்வு செய்தவர்கள், இலவசப் பால்பவுடர் வாங்கிய இளங்குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு, வாங்காதவர்களிடம் இருந்ததைப்போல இரண்டு மடங்காக இருந்ததைக் கண்டார்கள். அதனால்தான் பேரிடர்க் காலங்களில் பால்பவுடரை நன்கொடையாகக் கேட்கவும் கூடாது, வந்தாலும் ஏற்கக் கூடாது என்பது உலகெங்கும் நிவாரணப் பணியாளர்களின் விதியாக இருக்கிறது. நம் நாட்டிலேயே 1992-ஆம் ஆண்டுச் சட்டம், அநாதை இல்லங்கள் நீங்கலாக மற்றவர்களுக்குக் குழந்தைப் பால்பவுடரை நன்கொடையாக வழங்குவதைத் தடை செய்கிறது. தாயை இழந்த குழந்தை என்ன செய்யும் என்ற கேள்வி எழும். அத்தகைய குழந்தைக்குத் தேவையான அளவைச் செவிலியரின் கண்காணிப்பில், தூய நீரோடு, தொடர்ந்து கொடுப்பதற்கு முகாம் மருத்துவப் பணியாளர்களிடம் ஏற்பாடு உண்டு. மற்றக் குழந்தைகளுக்குப் பால் வேண்டுமானால் தாய்க்குச் சோறு வேண்டும்.

துணிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வந்த ஜனவரியில் நாகப்பட்டினத்தில் இருந்தேன். லாரி லாரியாக வந்து இறங்கிய பழைய துணிகள் சாலையோரங்களில் மேடுமேடாகக் கிடந்தன. காலர் கிழிந்த சட்டைகள், ஊக்கு இல்லாத ரவிக்கைகள், அந்தக் கடற்கரை வெயிலில் கம்பளிக் குல்லாய்கள். வீட்டில் மூன்று பேரைக் கடலுக்குக் கொடுத்திருந்த ஒரு மீனவப் பெண்மணி அந்த மேட்டிலிருந்து ஒரு சேலையைக் கால்விரலால் நகர்த்திப் பார்த்துவிட்டு, “நாங்க நேத்து வரைக்கும் சம்பாதிச்சுச் சாப்புட்டவங்கய்யா” என்றார். அன்று அந்த மேடுகளில் ஆடுகள்தாம் படுத்திருந்தன. பொம்மைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை; அவற்றுக்கு ஆகும் லாரி வாடகை பொம்மைகளின் விலையை விட அதிகம்.

பிறகு எதுதான் உதவி? முகாம்களின் ஊட்டச்சத்து மையங்களில் ஒரு நாடாவை வைத்திருப்பார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்த அந்த நாடாவை ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேல்கையில் சுற்றிப் பார்ப்பார்கள். சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் சிவப்பு. உயிருக்கு ஆபத்தான மெலிவு. ஒரு சிறிய எலுமிச்சம்பழத்தின் சுற்றளவுதான் அது, நம் சமையலறையில் அளந்து பார்க்கலாம். அந்தக் குழந்தைக்கு நிலக்கடலை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், நுண்சத்துகள் சேர்த்து அரைத்த பசையைப் பொட்டலமாகக் கொடுக்கிறார்கள். 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. அதிலும் பால்பொடி உண்டு. ஆனால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, அடுப்பு மூட்ட வேண்டியதில்லை, குழந்தையே பிய்த்து உறிஞ்சிவிடும். சில வாரங்களில் கை தேறி நாடா மஞ்சளுக்கும் பச்சைக்கும் நகர்வதைத் தாய் தன் கண்ணாலேயே பார்க்கலாம்.

அப்படித் தேறிய குழந்தை மீண்டும் மெலியாமல் இருப்பது, வீட்டில் உலை கொதிப்பதைப் பொறுத்தது. முகாமில் இருப்பவர்கள் சட்டப்படி வேலைக்குப் போக முடியாது. உலக உணவுத் திட்டம் தரும் மாதாந்தர உணவு உதவிதான் பெரும்பாலோருக்குக் கதி. ஒருவருக்கு மாதம் 12 டாலராக இருந்த அந்த உதவி, நிதி வராத காரணத்தால் 2023 மார்ச்சில் 10 டாலராகவும் ஜூனில் 8 டாலராகவும் வெட்டப்பட்டது. அன்றைய மதிப்பில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 22 ரூபாய். அடுத்த ஆண்டில் படிப்படியாக உயர்த்தினார்கள் என்றாலும், இடைப்பட்ட மாதங்களில் மெலிந்த குழந்தைக்கு அந்த மாதங்கள் திரும்பி வராது. நீங்கள் பொருளாக அன்றிப் பணமாகக் கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

சோற்றுக்கு அடுத்தது பள்ளிக்கூடம். உயிர் பிழைத்தால் போதும், படிப்பு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்கள் அகதி வாழ்க்கையின் நீளத்தை அறியாதவர்கள். 2017-இல் ஐந்து வயதில் தூக்கிவரப்பட்ட பிள்ளை பதின்வயதைத் தொட்டும் அதே முகாமில்தான் இருக்கிறது. வங்கதேசப் பாடத்திட்டத்தைப் படிக்க அவர்களுக்கு அனுமதியில்லை; தாய்நாட்டின் பாடத்திட்டம் முகாமுக்கு வந்ததே 2021-இன் இறுதியில்தான். அதற்குள் எத்தனை பெண்பிள்ளைகளின் கழுத்தில் கல்யாணம் ஏறியது, எத்தனை பையன்கள் கூலிக்குப் போனார்கள்! மூங்கில் வகுப்பறைகள் ஒருவாறு சீரான நிலையில், 2025 ஜூனில் நிதியின்மையால் யுனிசெஃப் ஆதரவில் நடந்த கற்றல் மையங்கள் நிறுத்தப்பட்டு, உள்ளூர் ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். தொலைக்காட்சியில் காட்டப் பட்டினிக்கு முகம் உண்டு, பூட்டிய வகுப்பறைக்கு இல்லை. ஆதலால் அதற்காக யாரும் பெட்டி சேர்ப்பதில்லை.

இனி, உங்களை மடக்கியவர்களின் கேள்வி. நம் ஊர்ப் பிள்ளைக்குக் குறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அங்கன்வாடி உண்டு, சத்துணவு உண்டு, கிடைக்காவிட்டால் தகப்பன் போய்ச் சண்டை போட ஓர் அலுவலகம் உண்டு. மியான்மரின் 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ரோஹிங்கியாக்களை எந்த நாட்டின் குடிகளாகவும் இல்லாமல் ஆக்கிவிட்டது. அவர்களின் பிள்ளைக்காகப் போய்ச் சண்டை போட ஓர் அரசும் இல்லை. அப்படிக் கேட்பவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு என்ன செய்தார்கள் என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். கேளாமலே செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பிள்ளைகளுக்கும் செய்கிறவர்களாகவே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மேலும், ‘அங்கே’ என்பது அவ்வளவு தொலைவிலும் இல்லை. சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில், புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்றில் 2012 முதல் ரோஹிங்கியா குடும்பங்கள் சில வாழ்ந்து வந்திருக்கின்றன. அவர்களின் பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போனார்கள். நம் அரசியலமைப்பின் 21-அ பிரிவு 6 முதல் 14 வயது வரையுள்ள ‘எல்லாக் குழந்தைகளுக்கும்’ இலவசக் கல்வி என்றுதான் சொல்கிறது, குடிமக்களின் குழந்தைகளுக்கு மட்டும் என்று சொல்லவில்லை.

ஆகவே, செய்ய வேண்டியவை இவை. உங்கள் ஊர் பனியன் நகரம். பெட்டிகளில் புதிய துணி இருந்தால் உள்ளூரிலேயே விற்றுக் காசாக்குங்கள். அந்தப் பணத்தை யுனிசெஃப், ஐ.நா. அகதிகள் ஆணையம் ஆகியவற்றில் ஒன்றுக்கு, ‘இதற்கு மட்டும்’ என்ற நிபந்தனையில்லாமல் செலுத்துங்கள். முடிந்தால் ஒரே தடவையாகக் கொடுக்காமல், ஆளுக்கு 50 ரூபாயானாலும் மாதந்தோறும் அனுப்புங்கள், ஆசிரியருக்குச் சம்பளம் மாதந்தோறும்தான் கொடுக்க வேண்டும். உடுத்திய துணிகளில் நீங்களே உங்கள் பிள்ளைக்குப் போடக்கூடியவற்றைப் பிரித்தெடுத்து, அருகிலுள்ளவர்களிடம் வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பால்பவுடர் டப்பாக்களைப் பிரிக்காமல், பில்லோடு கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.