சீனி போட்டும் நீலம் மாறவில்லையே!

உணவில் சர்க்கரையும் மாவுச்சத்தும் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பல வருடம் செய்து காட்டியவன் நான். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

உயர்நிலை மூன்று மாணவி, ஈசூன்: சார், வீட்டுச் சீனியைக் கரைத்து, சர்க்கரையைக் கண்டுபிடிக்கும் நீல நிற பெனடிக்ட் கரைசல் ஊற்றிச் சூடாக்கினோம். நீலம் அப்படியே இருந்தது. எங்கே தப்பு?

தப்பே இல்லைம்மா. பெனடிக்ட் இனிப்பைத் தேடுவதில்லை. அந்த நீலம் செம்பு அயனியின் நிறம். அதற்கு எலக்ட்ரான் கொடுக்கும் சர்க்கரை இருந்தால்தான் செம்பு ஆக்சைடு செங்கல் நிறத்தில் அடியில் படியும். குளுக்கோஸின் வளைய வடிவ மூலக்கூறு கரைசலில் அவ்வப்போது திறந்து ஆல்டிஹைடு முனையைக் காட்டும். எலக்ட்ரான் கொடுப்பது அந்த முனைதான். நம் சீனி சுக்ரோஸ். அதில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் திறக்க வேண்டிய இடத்திலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிறகு எப்படித் திறக்கும்?

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி விட்டு, கொதிநீரில் சில நிமிடம் வையுங்கள். பிடி விட்டுவிடும். ஆறியதும் சோடியம் பைகார்பனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாக, நுரை அடங்கும்வரை போடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பெனடிக்ட் காரத்தில்தான் வேலை செய்யும், அமிலம் மிச்சமிருந்தால் முடிவைக் கெடுத்துவிடும். இப்போது சோதித்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிச் செங்கல் நிறத்துக்கு வரும். அந்த மாற்றத்தை ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளை பரீட்சையில் மறக்காது.

அதே மாணவி: ஃபிரக்டோஸ் கீட்டோன் வகைதானே, அதில் ஆல்டிஹைடு முனை இல்லையே? அது ஏன் சிவக்கிறது?

காரத்தில் அது குளுக்கோஸாக உருமாறிக்கொள்ளும். அதனால்தான்.

தேக்கா வாசகர்: காப்பிக்கடையில் போடும் டின் பாலிலும் சீனிதானே? அதுவும் நீலமாகவே நிற்குமா?

நிற்காது. சேர்த்த சீனி சும்மா இருந்தாலும் பாலிலேயே லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது, அது செம்பை மாற்றிவிடும். காப்பியில் கலந்து பார்க்காதீர்கள், கறுப்பில் நிறம் தெரியாது. டின் பாலை மட்டும் தண்ணீரில் கரைத்துச் செய்யுங்கள்.

உட்லண்ட்ஸ் தாயார்: மகன் வாழைக்காயில் அயோடின் விட்டான், கருநீலம் ஆனது. நன்றாகக் கனிந்த பழத்தில் அவ்வளவாக மாறவில்லை. ஏன்?

காயில் இருப்பது மாவுச்சத்து. அதன் ஒரு பகுதியான அமைலோஸ், சுருள் படிக்கட்டு போல வளைந்த சங்கிலி. அயோடின் அந்தச் சுருளுக்குள் நுழைந்து உட்காரும்போதுதான் கருநீலம் தோன்றும். பழுக்கும்போது சங்கிலி அறுந்து சர்க்கரையாகிவிடுவதால் அயோடினுக்கு இடமில்லை, பழுப்பாகவே நிற்கும். அப்புறம் இதையும் மகனிடம் செய்யச் சொல்லுங்கள்: கருநீலமான நீர்த்த கஞ்சியைச் சோதனைக் குழாயில் சூடாக்கினால் சுருள் தளர்ந்து நிறம் மங்கும், ஆறவிட்டால் கருநீலம் திரும்பி வரும்.