கோட்டைக்குப் போய்ச் சேராத ஆய்வுகள்

கேள்வி: 2015 வெள்ளத்துக்கு அப்புறம் சென்னையைப் பற்றி எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. கோட்டையில் அதையெல்லாம் யாராவது படிக்கிறார்களா? இனிமேல் ஏஐ படித்துச் சொல்லிவிடுமா?
- ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: எல்லாமே கிடப்பில் போய்விட்டதாகச் சொல்ல முடியாது. சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பு அந்த வெள்ளத்துக்குப் பிறகு வந்ததுதான். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தோடு ஐஐடி பாம்பே, அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். வரப்போகிற மழை, ஆற்றில் வரும் தண்ணீர், கடல் ஏற்றம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, எந்தப் பகுதியில் தண்ணீர் நிற்கும் என்று வரைபடமாகவே காட்டும். ஒன்றைக் கவனியுங்கள்: இது ஆய்வாளர்கள் எழுதி முடித்துவிட்டுக் கொண்டுபோய் நீட்டியது இல்லை, மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் முன்னின்று தொடங்கியது.

ஏஐ விஷயத்திலும் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான், கேள்வி அரசிடமிருந்தே வர வேண்டும். துறையில் ஒருவர் "இந்தக் கால்வாயை அகலப்படுத்தினால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும்?" என்று கேட்டால், ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் தேடிப் பொருத்தமானதை ஏஐ எடுத்து வைக்கும். கேட்க ஆளே இல்லையென்றால் எவ்வளவு நல்ல கருவியாக இருந்தும் பயனில்லை.

இன்னொரு சிக்கல் நம் ஆவணங்களிலேயே இருக்கிறது. பிரிட்டனில் ஓவர்டன் என்று ஒரு தரவுத்தளம், எந்த அரசு அறிக்கை எந்த ஆய்வை மேற்கோள் காட்டியிருக்கிறது என்று தேடிக் காட்டுகிறது. இங்கே ஓர் அரசாணையை எடுத்துப் பாருங்கள், கையெழுத்தோடு ஸ்கேன் செய்த படமாக இருக்கும், இல்லையென்றால் பழைய வானவில் எழுத்துருவில் அடித்திருப்பார்கள், அதை நகலெடுத்து ஒட்டினால் தமிழ் வராது, ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் குப்பையாக வந்து விழும். எந்தக் கணினியிலும் தமிழாகவே படிக்க முடிகிற யூனிகோடு முறையை அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய கோப்புகளை மாற்றும் வேலையைத்தான் முதலில் முடிக்க வேண்டும், ஏனென்றால் கருவியால் படிக்க முடியாத ஆணையை எந்த ஆய்வோடும் இணைக்க முடியாது.

கேள்வி: ஏஐ தரும் சுருக்கத்தை நம்பி அதிகாரிகள் முடிவெடுத்தால் ஆபத்து இல்லையா?
- ஒரு கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: கண்டிப்பாக இருக்கிறது. 2025-ல் ஆஸ்திரேலிய அரசுக்கு ஒரு பெரிய ஆலோசனை நிறுவனம் கொடுத்த அறிக்கையில் இல்லாத ஆய்வுகளெல்லாம் மேற்கோளாக இருந்தன, கடைசியில் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது.

சுருக்கம் சரியாகவே இருந்து, ஆய்வு தப்பாக இருந்தால்? 2020 மே மாதம் லான்செட் என்ற மருத்துவ இதழில், கொரோனா நோயாளிகளுக்குக் கொடுத்த ஹைட்ராக்சி குளோரோகுயின் மருந்து ஆபத்தானது என்று ஒரு கட்டுரை வந்தது, அதைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் பரிசோதனையையே நிறுத்தி வைத்தது. தரவை யாராலும் சரிபார்க்க முடியவில்லை, ஜூன் 4-ஆம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அப்படித் திரும்பப் பெற்ற கட்டுரைகளின் பட்டியலை ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற அமைப்பு வைத்திருக்கிறது, 2023 முதல் ஆய்வுக் கட்டுரைகளைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் வழியாக இலவசமாகவே கிடைக்கிறது. அரசு எந்தக் கருவியை வாங்கினாலும் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறதா, ஒவ்வொரு வரிக்கும் மூலக் கட்டுரையைத் திறந்து காட்டுகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். அப்புறம், அதைத் திறந்து படித்துக் கையெழுத்துப் போட ஓர் அதிகாரியின் பெயரும் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும்.