ஐடெர்ம்2: கிளிக் செய்த கோப்பு சரியான வரியில் திறக்க

மேக்கின் டெர்மினல் செயலியான ஐடெர்ம்2-இல், பைதான் சோதனைக் கருவியான பைடெஸ்ட் காட்டும் கோப்புப் பாதையை கமாண்ட் அழுத்திக் கிளிக் செய்தால் டெக்ஸ்ட்எடிட் திறக்கிறது, கடைசியில் :42 இருந்தும் அந்த வரிக்குப் போகவில்லை, சில பாதைகள் திறப்பதேயில்லை என்கிறீர்கள். இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

முதலாவது எளிது. செட்டிங்ஸில் புரொஃபைல்ஸ், அட்வான்ஸ்டு போய் செமாண்டிக் ஹிஸ்டரியைப் பாருங்கள்; கிளிக் செய்த கோப்பு எதில் திறக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இதுதான். 'டிஃபால்ட் ஆப்' என்றிருப்பதை 'ஓப்பன் வித் எடிட்டர்' ஆக்கி, விஎஸ் கோடைத் தேர்ந்தெடுங்கள். வரி எண்ணும் சேர்ந்தே போகும். பட்டியலில் இல்லாத எடிட்டர் என்றால் 'ரன் கமாண்ட்' போடுங்கள். அந்தக் கமாண்டில் \1 என்பது கோப்பு, \2 என்பது வரி எண். எடிட்டர் இருக்கும் இடத்தின் முழுப் பாதையைக் கொடுப்பது நல்லது. இந்த அமைப்பு புரொஃபைலுக்குப் புரொஃபைல் தனி. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

திறக்காதவை பெரும்பாலும் சார்புப் பாதைகளாக, அதாவது இருக்கும் ஃபோல்டரிலிருந்து தொடங்கும் பாதைகளாக இருக்கும். அந்த வரி அச்சானபோது எந்த ஃபோல்டரில் இருந்தீர்கள் என்பது ஐடெர்முக்குத் தெரிந்தாக வேண்டும். மேலே ஐடெர்ம்2 மெனுவில் 'இன்ஸ்டால் ஷெல் இன்டகிரேஷன்' கொடுத்து (ஃபோல்டரை ஐடெர்முக்குத் தெரிவிப்பது இதுதான்), புது டேப் திறந்து பாருங்கள். பழைய டேபில் சோதித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று எழுதிவிடாதீர்கள்!

எஸ்எஸ்எச் வழியே வேறொரு கணினியில் நுழைந்து பார்க்கும் கோப்பு உங்கள் மேக்கிலேயே இல்லை, அதனால் அதற்கு இந்த வழி உதவாது.