தொப்பி போனது, ட்யூபா கேட்கவில்லை

வணக்கம்.

டிரம் கோர் பற்றி நீங்கள் எழுதிய குறிப்புகளைத் தொடர்ந்து படிக்கிறேன். என் மகன் பள்ளி மார்ச்சிங் பேண்டில் ஸ்னேர் டிரம் வாசிக்கிறான். இந்தக் கோடையில் அவனோடு சான் ஆன்டோனியோ போட்டிக்குப் போயிருந்தேன். வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பார்த்ததில் பாதி புரியவில்லை, மீதி பிடிக்கவில்லை. அவனுடைய பேண்ட் மாஸ்டர் கொடுத்த எண்பதுகளின் வீடியோக்களை முன்பே பார்த்திருந்தேன். இறகு செருகிய உயரமான தொப்பி, ஒரே சீருடை, நூல் பிடித்தது போல வரிசை. இப்போது தொப்பியே இல்லை. மைதானம் முழுக்க மேடையும் சறுக்குப் பலகையும். ஸ்பீக்கரில் யாரோ பேசுகிறார்கள், பிள்ளைகள் தரையில் உருளுகிறார்கள். இது பட்டாள வாத்தியமா, நாடகமா? பரிசு பிள்ளைகளின் உழைப்புக்கா, வடிவமைப்பாளரின் மூளைக்கா? மரபைத் தொலைத்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். மகன் ஆடிஷனுக்குப் போக வேண்டும் என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

ர., ஆஸ்டின்

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு இடத்தில் உங்களோடு முழுதாக உடன்படுகிறேன், இன்னொரு இடத்தில் கொஞ்சமும் இல்லை. உடன்படாத இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

டிரம் கோர் என்றால் என்ன என்று கேட்டு எழுதும் வாசகர்களுக்காக ஒரு வரி. பித்தளை ஊதுவாத்தியங்கள், தோல்வாத்தியங்கள், கொடியும் மரத் துப்பாக்கியும் சுழற்றும் கலர் கார்டு. இவை மூன்றும் சேர்ந்து, நூறு கெஜம் நீளமுள்ள அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நகர்ந்துகொண்டே நடத்தும் ஒரு நிகழ்ச்சி. கிளாரினெட், புல்லாங்குழல் கிடையாது. வாசிப்பவர்கள் எல்லோரும் இருபதை ஒட்டிய வயதுப் பிள்ளைகள். யாருக்கும் சம்பளம் இல்லை. பிள்ளைகள்தான் பல ஆயிரம் டாலர் கட்டிச் சேருகிறார்கள்.

முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் சங்கங்கள் வளர்த்த கலை இது. அதனால்தான் பட்டாளத் தொப்பி, பட்டாள நடை. ஆனால் அந்தச் சங்கங்களின் விதிகள் கழுத்தை நெரிக்கின்றன என்று சொல்லி, குழுக்களை நடத்தியவர்களே பிரிந்து வந்து உருவாக்கியதுதான் டிசிஐ, அதாவது டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற போட்டி அமைப்பு. 1972-இல் விஸ்கான்சினில் உள்ள வைட்வாட்டர் என்ற சின்ன ஊரில் முதல் சாம்பியன்ஷிப் நடந்தது. அனஹைம் கிங்ஸ்மென் ஜெயித்தார்கள். பிரிந்து வந்தவர்களில் வயோமிங் மாநிலத்தின் ட்ரூப்பர்ஸும் உண்டு. குதிரைப்படை உடையில் வரும் குழு அது. பட்டாள அடையாளத்தை இறுகப் பிடித்திருந்தவர்களே விதியை உடைத்து வெளியே வந்தார்கள். நாம் இன்று மரபு என்று சொல்வது அப்படித்தான் தொடங்கியது.

நீங்கள் ரசித்த எண்பதுகளின் வீடியோவில் நியூ ஜெர்சியின் கார்ஃபீல்ட் கேடட்ஸ் கட்டாயம் இருந்திருப்பார்கள். அடுத்த முறை அவர்களின் 1983 நிகழ்ச்சியில் கால்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். அதற்கு முன் பெரும்பாலான குழுக்கள் ஐம்பது கெஜக் கோட்டை நடுவாக வைத்து, இடதும் வலதும் கண்ணாடியில் பார்ப்பது போல நடந்தார்கள். ஜார்ஜ் ஜிங்காலி என்ற வடிவமைப்பாளர் அந்தச் சமச்சீரைக் கலைத்துவிட்டார். வடிவங்கள் ஓடிக்கொண்டே உருகி வேறொன்றாக மாறின. நிற்பதே இல்லை. கேடட்ஸ் 1983, 84, 85 மூன்று வருஷமும் தொடர்ந்து ஜெயித்தார்கள். உங்கள் கண்ணுக்குப் பழமையாகத் தெரியும் அந்த வீடியோ, அந்தக் காலத்துப் புரட்சி.

அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. அதுவரை 'டிக்' முறைதான் மதிப்பெண்ணை முடிவு செய்தது. நடுவர்கள் அட்டையும் பென்சிலுமாக வரிசைகளுக்கு நடுவிலேயே நடப்பார்கள். ஒரு கால் பிசகினால் 0.1 போச்சு. ஒரு குச்சி முந்தி விழுந்தால் இன்னொரு 0.1 போச்சு. இப்படி ஒரு முறை இருந்தால் யார் துணிந்து கஷ்டமானதை முயல்வார்கள்? 1984-இல் டிக் போனது. கழிப்பதற்குப் பதிலாகக் கட்டிக் கூட்டும் முறை வந்தது. இன்று நூறில் 40 ஒட்டுமொத்த விளைவுக்கு, 30 காட்சிக்கு, 30 இசைக்கு. அந்த 40 இருக்கிறதே, வடிவமைப்பாளரின் கை ஓங்கியது அங்கிருந்துதான். பரிசு யாருடைய மூளைக்கு என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்த 40-உம் தாளில் வரைந்த திட்டத்துக்கு மட்டும் கிடைப்பதில்லை, பிள்ளைகள் அதை நடத்திக் காட்டினால்தான் கிடைக்கும்.

தொப்பிக்கு வருகிறேன். 2016-இல் ஒஹாயோவின் கேன்டன் நகரத்து புளூகோட்ஸ் 'டவுன் சைட் அப்' நிகழ்ச்சியைத் தொப்பி இல்லாமல் நடத்தினார்கள். வெள்ளை உடை, வளைந்த வெள்ளைச் சறுக்குமேடைகள். அவர்களுடைய முதல் சாம்பியன்ஷிப் அதுதான். அதற்கு அப்புறம் தொப்பி வேகமாகக் குறைந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர்கள் சிலருக்கு அன்று மனசே ஆறவில்லை. எனக்கு அன்று முதல் தடவையாக முகங்கள் தெரிந்தன. அந்த உயரத் தொப்பி, ஷாக்கோ, நெற்றியை மறைக்கும், கண்ணில் நிழல் போடும். எல்லோரையும் ஒரே ஆளாகக் காட்டுவதற்கென்றே செய்தது அது. அது கழன்றபோது, சறுக்கில் சாய்ந்தபடி மூச்சை இழுத்து அடுத்த வாக்கியத்துக்கு வாயை வைக்கும் பையனின் கன்னம் தெரிந்தது. தொப்பிக்காக நான் வருத்தப்படுவதில்லை.

ஊதல்காரர்களின் விஷயத்திலும் இதே கதைதான். முதலில், விரலால் அழுத்திச் சுரம் மாற்றும் வால்வே இல்லாத பியூகிள் என்ற பட்டாள ஊதுகொம்பு. அப்புறம் ஒவ்வொன்றாக வால்வு சேர்ந்து, 1990-இல் மூன்று வால்வு வந்தது. எல்லா ஊதலும் ஜி சுருதியில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2000-இல் போனது. ஒவ்வொரு தடவையும் 'இதோடு முடிந்தது' என்றார்கள். 1993-இல் ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற குழு, பார்ட்டோக், பார்பர் என்ற இசையமைப்பாளர்களின் இசையை எடுத்துக்கொண்டு இறுக்கமான, இருண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டுவந்தார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. 0.1 வித்தியாசத்தில் இரண்டாம் இடம். இன்று வடிவமைப்பு கற்கும் பிள்ளைகளுக்கு முதலில் காட்டும் நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்று.

சரி, நான் உங்களோடு நிற்கும் இடத்துக்கு வருகிறேன்.

இரண்டு கோடைக்கு முன், ஜூலை மாதம், இங்கே இண்டியானாவில் ஒரு பள்ளி மைதானத்தில் ஒரு குழுவின் ஒத்திகையைக் காலை பத்து மணியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ட்யூபா என்ற பெரிய பித்தளை ஊதுகொம்பின் வரிசையில் கடைசியாக ஒரு பெண். பத்தொன்பது வயது இருக்கலாம். தோளில் ட்யூபா, விரல்களில் வெள்ளை டேப், இடுப்பில் கயிற்றில் தொங்கும் சின்ன நோட்டு. அவள் எந்தத் தாள எண்ணிக்கையில் எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்த நோட்டில்தான். ஐந்து கெஜத்துக்கு எட்டு காலடி, அதாவது ஒரு காலடிக்கு 22.5 அங்குலம். இதுதான் அவர்களின் அடிப்படை அளவு. அன்று அவர்கள் பழகியது வெறும் பதினாறு எண்ணிக்கை. அவளுக்கு அதில் பின்னோக்கி நடை. குதிகால் தரையில் படாமல், முன்பாதத்திலேயே, மேல் உடம்பு அசையாமல், ஊதியபடி. கோபுரத்தின் மேலிருந்து 'ரீசெட்' என்று குரல் வரும். உடனே எல்லோரும் ஓடிப்போய்த் தொடங்கிய புள்ளியில் நிற்பார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து, காலடியில் கெஜக் கோட்டைப் பார்த்து, பாதிக் காலடி தள்ளி நின்று, கண்ணை மூடி உதடு அசைய எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினாள். நான் எண்ணினேன், பதினோரு தடவை. பன்னிரண்டாவது முடிந்ததும்தான் தண்ணீருக்கு விட்டார்கள்.

அன்று இரவே அந்தக் குழுவின் நிகழ்ச்சிக்குப் போனேன். அந்தப் பதினாறு எண்ணிக்கைக்காகக் காத்திருந்தேன். வந்தது. ஆறு நொடிகூட இருக்காது. அவள் சரியாக நடந்தாள், சரியான புள்ளியில் நின்றாள். ஆனால் அவள் ஊதியது கேட்கவில்லை. முன் வரிசை சின்தசைசரிலிருந்து ஒரு அடிநாதம் எழுந்து ட்யூபா வரிசை மொத்தத்தையும் விழுங்கிவிட்டது. நெஞ்சுக்கூடு அதிர்ந்ததே தவிர, எந்தச் சுரம் என்று காது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்றிரவு வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது எனக்குக் கோபமாகவே இருந்தது. மின்னொலி வேண்டாம் என்று சொல்லவில்லை. 2004-இல் மைக்கை அனுமதித்தார்கள், 2009-இல் சின்தசைசரை. மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பாவுக்கு மைக் வந்ததால் அதை வெறுமனே ஓங்கி அடிக்க வேண்டியதில்லை, இதமாக வாசிக்கலாம் என்றானது. அது நல்லதுதான். புளூகோட்ஸ் 2014-இல் 'டில்ட்' நிகழ்ச்சியில் மின்னொலியையும் பித்தளையையும் சேர்த்துச் சுருதியையே வழுக்கிச் சாயவைத்தார்கள். நிகழ்ச்சியின் பெயரே காதில் கேட்டது. அங்கே மின்னொலி பிள்ளைகளோடு சேர்ந்து ஒன்றைச் செய்தது. நான் பார்த்த அந்த இரவில் பிள்ளைகளின் மேல் போர்வையாக விழுந்தது. எனக்கு இந்தக் கலையில் ஒரே அளவுகோல்தான்: வடிவமைப்பு வாசிப்பவரைக் காட்டுகிறதா, மூடுகிறதா? எண்பது கெஜத்தில் பரப்பிய மேடைகளுக்குப் பின்னால் பாதிக் குழு மறைந்து ஓடினால், அது தொப்பியைவிட மோசமான மறைப்பு. மெட்டுகளை நாலு நாலு வரியாக வெட்டி ஒட்டுவதும் அப்படித்தான். ஒரு ஊதல்காரன் ஒரு மெட்டை முழுதாக ஊதி நிற்க இடம் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். இதில் உங்கள் குறை என் குறையும்கூட.

மரபு என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு 2008 ஆகஸ்டைச் சொல்ல வேண்டும். புளூமிங்டனில் இறுதிப் போட்டி. இல்லினாய் மாநிலத்தின் ஃபேன்டம் ரெஜிமென்ட் 'ஸ்பார்ட்டகஸ்' நடத்தினார்கள். 1981, 82-லும் கச்சட்டூரியனின் அந்த இசையை அவர்கள் எடுத்திருக்கிறார்கள். கதை நாடகம்தான், ஈட்டியும் சாவும் எல்லாம் உண்டு. கடைசியில் அடிமைகள் ஒவ்வொருவராக 'நான்தான் ஸ்பார்ட்டகஸ்' என்று கத்தத் தொடங்கியபோது, மைக் இல்லாத அந்தத் தொண்டைகள் மேல் வரிசை வரை கேட்டன. மொத்த அரங்கமும் எழுந்து நின்றது. ஃபேன்டம் 98.125, இரண்டாவதாக வந்த புளூ டெவில்ஸ் குழு 98.100. நாடகமா, பட்டாள வாத்தியமா என்று அன்று என் பக்கத்தில் யாரும் கேட்கவில்லை.

மரபின் பெயரால் காப்பாற்றக் கூடாதவையும் உண்டு. மேடிசன் ஸ்கவுட்ஸ் என்ற குழு பல பத்தாண்டுகளாக ஆண்களுக்கு மட்டும் என்று இருந்தது. 2019-இல் கதவைத் திறந்தார்கள், சரியானதைச் செய்தார்கள். 1934-இல் தொடங்கிய அதே கேடட்ஸ், பழைய பாலியல் அத்துமீறல் தொடர்பான வழக்கின் பணச்சுமையைக் காரணமாகச் சொல்லி 2024-இல் மூடிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்று உங்கள் மகன் சேர நினைக்கும் குழுவிடம் நேரடியாகக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

மகனுக்கு ஆடிஷன் போகச் சொல்லுங்கள். பள்ளித் தரையில் தூக்கம், பேருந்திலேயே ஊர்விட்டு ஊர், நாள் முழுக்க வெயில். ஸ்னேர் வரிசைக்கு ஆள் அதிகம் வருவார்கள், இடம் குறைவு, முதல் வருஷமே கிடைக்காமல் போகலாம். பணமும் ஆகும், அதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த கோடையில் போகும்போது இரண்டு விஷயம். டிக்கெட் மைதானத்தை ஒட்டிய வரிசையில் வாங்காதீர்கள். ஐம்பது கெஜக் கோட்டுக்கு நேரே, எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு மேலே உட்காருங்கள். வடிவங்கள் அங்கிருந்துதான் தெரியும். அப்புறம், நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பே மகனைக் கூட்டிக்கொண்டு கார் நிறுத்தத்துக்குப் போங்கள். எல்லா டிரம் வரிசையும் அங்கேதான் கையைச் சூடேற்றிக்கொள்ளும். மேடை இல்லை, ஸ்பீக்கர் இல்லை, பெரும்பாலும் சீருடைகூட முழுசாக இருக்காது. ஸ்னேர் வரிசைக்கு ஐந்தடி தூரத்தில் நிற்கலாம். காதுக்குப் பஞ்சு எடுத்துப்போங்கள்.